பால் பாட்டில்: கழுவப் போகிறவர் வாங்கட்டும்!

அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மார்களுக்குத் தமிழக அரசு 2015-ல் ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. மொத்தம் 16 பொருள்கள். குழந்தைக்குத் துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை. தாய்க்குச் சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம். லேகியம் வரைக்கும் யோசித்தவர்கள் பால் பாட்டிலை வைக்கவில்லை. மறதியால் விட்டதல்ல, சட்டப்படி வைக்கவே முடியாது.

1992-ல் இயற்றி 2003-ல் இறுக்கிய மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. குழந்தைகளுக்கான பால்மாவு, பால் பாட்டில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் டப்பா உணவு ஆகிய மூன்றுக்கும் இந்தியாவில் விளம்பரம் கூடாது. இலவச சாம்பிள் கூடாது. பால்மாவு டப்பாவில் கொழுகொழுக் குழந்தையின் படம் கூடாது. மருத்துவமனைச் சுவரில் போஸ்டர் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. 1970-களில் ஏழை நாடுகளில் பால்மாவு விற்கப்பட்ட விதத்தைக் கண்டித்து 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் விற்பனை நெறிமுறை ஒன்றை வகுத்தது. நம் சட்டம் அதன் வழி வந்ததுதான்.

நல்ல சட்டம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதிலும் இரண்டு கருத்து கிடையாது. ஆனால், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55 சதவீதம் பேர். மீதிப் பேருக்கு வேறு ஏதோ ஒன்று வாய்க்குள் போகிறது. அம்மா ஐசியுவில் இருக்கலாம். இரட்டைக் குழந்தையாக இருக்கலாம். தத்தெடுத்த குழந்தையாக இருக்கலாம். பிரசவ விடுப்பு 26 வாரம் என்று 2017-ல் சட்டம் வந்துவிட்டாலும், ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த விடுப்பு காகிதத்தில்தான் இருக்கிறது.

இவர்களுக்கு மருத்துவமனையில் கிடைப்பது ஒரே வரி: "பாட்டில் வேண்டாம்மா." அதற்கப்புறம் யாரும் வாயைத் திறப்பதில்லை. விளம்பரத்தைத் தடுத்தது சரி. ஆனால் தகவலும் சேர்ந்து அடைபட்டுவிட்டது. அந்த இடைவெளியை மெடிக்கல் ஷாப் கவுண்ட்டர் நிரப்புகிறது.

கவுண்ட்டரில் நடப்பது ஏறக்குறைய இப்படித்தான். ராத்திரி பத்து மணி. மருத்துவமனைக்கு எதிர்க்கடை. அப்பாவாகி ஒரு நாள்கூட ஆகாத இளைஞர் கையில் பர்ஸோடு நிற்கிறார்.

"எத்தனை மாசக் குழந்தைக்கு சார்?"

"நேத்துதான் பொறந்துச்சுண்ணே."

"அப்ப 250 மில்லியா எடுத்துக்கங்க. வளர்ந்தாலும் ஆகும்ல!"

தீபாவளிச் சட்டைக்குச் சரியான யோசனை. பால் பாட்டிலுக்குத் தப்பு.

எவ்வளவு குடிக்கும்?

பிறந்த முதல் 24 மணி நேரத்தில், ஒரு வேளைக்குக் குழந்தைக்குத் தேவைப்படுவது 2 முதல் 10 மில்லி வரை. இரண்டாம் நாள் 5 முதல் 15. மூன்றாம் நாள் 15 முதல் 30. நான்காம் நாள்தான் 30-ஐத் தாண்டி 60 வரை போகும். மருந்து பாட்டில் மூடியளவுதான் முதல் நாள் சாப்பாடு! சீம்பால் சொட்டுச் சொட்டாக வருவதும் இந்தக் கணக்குக்குத்தான். "பாலே பத்தலை, புள்ளை அழுதுக்கிட்டே இருக்கு" என்று மாமியார் தீர்ப்பு எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் நாளில்தான். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். சிசேரியன் ஆன தாய்க்குப் பால் நன்றாகச் சுரக்க இன்னும் ஒரு நாள் கூடுதலாகப் பிடிப்பது சகஜம். அந்த ஒரு நாளில் வீட்டுக்குள் நுழையும் பாட்டில் பிறகு வெளியே போக மறுக்கிறது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை தினமும் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதுகிறது என்றுதான் அர்த்தம். கடைக்குப் போகவே வேண்டாம்.

போகத்தான் வேண்டும் என்றால் கணக்கு இது. முதல் வாரம் கழிந்த பிறகு, எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி. மூன்று கிலோக் குழந்தைக்கு 450 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 60 மில்லிகூட வராது. 125 அல்லது 150 மில்லி பாட்டில் மாதக்கணக்கில் தாங்கும். 250 மில்லி பாட்டிலைக் கையில் கொடுத்தால் பாட்டிக்குக் கை சும்மா இருக்காது. கழுத்து வரை ரொப்புவார், காலியாகிறவரை ஊட்டுவார்.

முதலில் சங்கு

பாட்டிலுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. நம் வீட்டுப் பரணிலேயே கிடப்பதால் மதிப்பு தெரியாமல் போன படி. சங்கு, பாலாடை என்று ஊருக்கு ஒரு பெயர்; மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இன்றைக்கும் செவிலியர் ஊட்டுவது இதில்தான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒத்திசைத்துச் செய்யும் திறமை குழந்தைக்குச் சுமார் 34 வாரக் கருவளர்ச்சியில்தான் கைகூடுகிறது. அதற்கு முன்னே பிறந்த குழந்தையும், ஓரளவு விழுங்கத் தெரிந்தால் பாலாடைக்குப் பழகும். நிப்பிளின் ருசி காணாத வாய் என்பதால், பின்னால் தாயின் மார்புக்குத் திரும்புவதிலும் தகராறு குறைவு.

நான்கைந்து நாள் சமாளிக்க வேண்டும் என்றாலோ, அம்மா வேலைக்குப் போகும்போது பீய்ச்சி வைத்த பாலை இரண்டு வேளை கொடுக்க வேண்டும் என்றாலோ, பாட்டிலே தேவையில்லை. சாதா எவர்சில்வர் பாலாடை போதும். தாய்மாமன் சீராக வந்த வேலைப்பாடு செய்த வெள்ளிச் சங்கு பீரோவிலேயே இருக்கட்டும். அந்தப் பூவேலையின் இடுக்கில் ஒட்டும் பால் எந்தத் தேய்ப்புக்கும் போகாது. ஒரு எச்சரிக்கை: படுக்கவைத்துக் காலில் போட்டுச் சங்கை வாயில் கவிழ்க்கிற பழைய பழக்கம் ஆபத்து. பால் மூச்சுக்குழலுக்குள் போகும். நிமிர்த்தி உட்காரவைத்தாற்போல் பிடித்து, கீழுதட்டில் விளிம்பை வைத்தால் குழந்தையே நக்கி இழுத்துக்கொள்ளும். அது விழுங்கிய பிறகுதான் அடுத்த சாய்ப்பு.

குழந்தைகளைக் கொன்ற பாட்டில்

இப்போது பாட்டில். கடைகளில் ஐம்பது வகை இருக்கின்றன. இதில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இதைக் கழுவ வருமா? மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம். இதை நான் வரலாற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பாட்டில் சக்கைப்போடு போட்டது. தட்டையான கண்ணாடிக் குடுவை. அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய். குழாய் முனையில் காம்பு. குழந்தையின் பக்கத்தில் வைத்துவிட்டால் அதுவே குடித்துக்கொள்ளும், தாய் தன் வேலையைப் பார்க்கலாம். பார்க்க அழகு, வசதியோ வசதி. குழாயின் உட்புறத்தை மட்டும் யாராலும் கழுவ முடியாது. அங்கே தங்கிய பாலில் கிருமி பெருகி, குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தன. மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயரே 'கொலைகார பாட்டில்'. அப்படியும் விற்பனை நிற்கவில்லை. பிரான்ஸ் 1910-ல் சட்டம் போட்டுத்தான் குழாய் பாட்டிலை ஒழித்தது. அதன் இடத்தைப் பிடித்தது, படகு வடிவத்தில் இரண்டு பக்கமும் வாய் திறந்த கண்ணாடிப் பாட்டில். ஒரு பக்கம் தண்ணீர் விட்டால் மறுபக்கம் அழுக்கோடு வெளியேறும். பாட்டிலின் நூற்றாண்டுக் கதையில் குழந்தைகளுக்கு உண்மையில் நல்லது செய்த மாற்றம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, அது பழைய கதை என்று விட முடியவில்லை. நீளக் குழாய் வைத்து, 'கையில் பிடிக்கத் தேவையில்லை' என்று சொல்லி விற்கும் பாட்டில்கள் இன்றைக்கு ஆன்லைனில் மறுபடி வந்துவிட்டன. குழந்தையின் மேல் கட்டிவைத்துத் தானாகக் குடிக்க விடும் தலையணைகளும் உண்டு. புரையேறினால் குழந்தையால் தள்ளிவிட முடியாது என்பதால், பிரிட்டிஷ் அரசின் பொருள் பாதுகாப்பு அமைப்பு 2022-ல் அந்தத் தலையணைகளுக்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. பாட்டிலை முட்டுக்கொடுத்து வைக்கும் எந்த ஏற்பாட்டையும் வீட்டில் சேர்க்காதீர்கள்.

ஆகவே கடையில் பாட்டிலைக் கையில் வாங்கியதும், மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். வாய் அகலமா? பிரஷ் அடித்தட்டின் மூலை வரை போகுமா? கரடி வடிவம், இடுப்பு ஒடுங்கிய வடிவம், நடுவில் ஓட்டை விட்ட பிடி எல்லாம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அந்த வளைவுகளில்தான் பால் ஏடு படியும். வயிற்றில் காற்று போகாமல் தடுக்கும் என்று ஐந்தாறு பாகங்களோடு வரும் பாட்டில்கள் சில குழந்தைகளுக்கு உதவலாம். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு வேளை, வேளைக்கு ஆறு பாகம் என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். ராத்திரி மூன்று மணிக்கு அந்தச் சின்ன வால்வைக் கழுவப்போவது யார் என்பது வீட்டில் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். அவர்தான் கடைக்கு வர வேண்டும்.

கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

கண்ணாடி கீறாது, நாறாது, கொதிநீருக்கு அஞ்சாது. உடையும், கனக்கும். வீட்டிலேயே ஊட்டுவது என்றால் என் ஓட்டு கண்ணாடிக்குத்தான். எவர்சில்வர் உறுதி, ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம், எங்கே படிவு என்று கண்ணுக்குத் தெரியாது.

பிளாஸ்டிக்கில் பழைய வில்லன் பாலிகார்பனேட். அதிலிருந்து கசியும் பிபிஏ என்ற ரசாயனத்துக்காக ஐரோப்பா 2011-லும், அமெரிக்கா 2012-லும் அதைப் பால் பாட்டிலிலிருந்து விலக்கின. இந்தியத் தர நிர்ணயம் 2015-ல் விலக்கியது. இப்போது கடையில் அதிகம் இருப்பது பாலிப்ரொப்பிலீன். விலை குறைவு, லேசு. 2020-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இந்த வகை பாட்டில்களில் சூடான நீர் ஊற்றிக் குலுக்கிப் பார்த்தபோது, லிட்டருக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல் வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்ந்தன. உடலில் அவை என்ன செய்யும் என்பதற்கு அறிவியலில் இன்னும் முடிவான விடை இல்லை. பயந்து பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். பால்மாவை எவர்சில்வர் டம்ளரில் சூடாகக் கலக்கி, வெதுவெதுப்பானதும் பாட்டிலுக்கு மாற்றினால் போதும். துகள் பெருமளவு குறையும். உட்புறம் கீறல் விழுந்து மங்கிப்போன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

எதுவானாலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். பால் பாட்டிலுக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக்குக்கு ஐஎஸ் 14625, கண்ணாடிக்கு ஐஎஸ் 5168 என்ற எண் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்யலாம். மருந்து சிரிஞ்சில் 10 மில்லி, 10 மில்லியாகத் தண்ணீர் எடுத்து ஊற்றி, பாட்டிலில் அச்சடித்த கோடு சரியா என்று பாருங்கள். கோடு தப்பென்றால் பால்மாவின் அளவும் தப்பு.

நிப்பிள்தான் விஷயமே

பாட்டிலைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் செலவழிக்கிறவர்கள், நிப்பிளைக் கூடவே வந்தது என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் வாய்க்குள் போவது பாட்டிலா, நிப்பிளா?

ரப்பர் நிப்பிள் பழுப்பு மஞ்சளாக, மெத்தென்று இருக்கும். கொதிக்கவைக்க வைக்க உப்பும், பிசுபிசுக்கும். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு. சிலிகான் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். சூடு தாங்கும், வாடை பிடிக்காது. பல் முளைத்த குழந்தை கடித்தால் கிழியும். பச்சிளங்குழந்தைக்குச் சிலிகானே மேல். எதுவானாலும், ஊட்டுமுன் முனையை இழுத்துப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால், விரிசல் இருந்தால், இழுத்தது பழைய நிலைக்கு வராவிட்டால் குப்பைக்கு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம்.

அடுத்தது ஓட்டம். 'மெதுவான ஓட்டம்', '0+' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பலாமா? பிரிட் பேடோஸ் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் கடையில் விற்கும் நிப்பிள்களை வாங்கி இயந்திரத்தில் வைத்து அளந்தார். நிமிடத்துக்கு 2 மில்லிக்கும் குறைவாக ஒழுகியதும் இருந்தது, 85 மில்லி கொட்டியதும் இருந்தது. ஒரு கம்பெனியின் 'மெதுவானது' இன்னொரு கம்பெனியின் 'நடுத்தர'த்தைவிட வேகமாக ஓடியது. இந்தப் பெயர்களுக்குப் பொது அளவுகோலே கிடையாது. கம்பெனியை மாற்றினால் எண்ணை நம்பாமல் குழந்தையைப் பாருங்கள்.

வேகம் அதிகமானால் அதன் உடம்பே சொல்லும். கடவாயில் பால் வழியும். மடக் மடக்கென்று சத்தம் வரும். புருவம் தூக்கும், விரல்கள் விறைத்து விரியும், தலையைத் திருப்பும், புரையேறும். 'பசியில வேகமா குடிக்குது' என்று பெரியவர்கள் மகிழ்கிற காட்சி பல நேரம் மூச்சுக்குத் தவிக்கிற காட்சி. உதடு நீலம் பாய்ந்தால் ஊட்டுவதை உடனே நிறுத்தி டாக்டரிடம் ஓடுங்கள். வேகம் குறைவென்றால் நிப்பிள் உள்வாங்கிச் சப்பையாகும். குழந்தை அரை மணி நேரம் உறிஞ்சியும் முடியாமல் களைத்துத் தூங்கிவிடும். அப்போதும் முதலில் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். காற்று போக வழியில்லாமல் இறுக்கியிருப்பதே பாதிச் சமயம் காரணம்.

நம் வீடுகளில் இதற்கொரு கைவைத்தியம் உண்டு. ஊசியை அடுப்பில் காய்ச்சி நிப்பிளில் இன்னொரு ஓட்டை. தயவுசெய்து வேண்டாம். அந்தத் துளை எவ்வளவு பெரிது, அடுத்த வாரம் எவ்வளவு கிழியும் என்று போட்டவருக்கே தெரியாது. அடுத்த அளவு நிப்பிள் சில பத்து ரூபாய்தான்.

பிறந்த குழந்தைக்குக் கிடைப்பதிலேயே மெதுவானதில் தொடங்குங்கள். தாய்ப்பாலும் சேர்த்துக் கொடுக்கிற வீட்டில் இது இன்னும் முக்கியம். மார்பில் உழைத்துக் குடிக்க வேண்டும். பாட்டிலில் கொட்டுகிறது என்றால் சோம்பேறிப் பக்கம்தான் எந்தக் குழந்தையும் சாயும். மூன்று மாதம் ஆனதும் '3+' மாற்றியே தீர வேண்டும் என்பதும் இல்லை. குழந்தை திருப்தியாகக் குடித்தால் பழையதிலேயே ஓடட்டும். ஊட்டும்போது குழந்தையை நிமிர்த்திப் பிடியுங்கள், பாட்டிலைக் கிடைமட்டமாக வையுங்கள், நடுநடுவே எடுத்து மூச்சுவிட அவகாசம் கொடுங்கள். மிச்சம் வைத்தால் வற்புறுத்தாமல் கொட்டிவிடுங்கள்.

கொதிக்கும் தண்ணீர்

பால்மாவு கிருமியற்ற பொருள் இல்லை. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா, டப்பாவைத் திறக்கும் முன்னேயே அதில் இருக்கக்கூடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு அது உயிராபத்து. அதனால் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வகுத்த வழிமுறை: தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே மாவைக் கலக்க வேண்டும். பிறகு பாத்திரத்தைக் குளிர்நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து ஊட்ட வேண்டும். 'ஆறின வெந்நீரில் கலக்கு' என்ற நம் வழக்கம் இங்கே தவறு. முதலில் தண்ணீர், அதன் மேல் மாவு. டப்பாவோடு வந்த ஸ்பூனால், தலைதட்டி. டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று அரை ஸ்பூன் குறைப்பது குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம். கலக்கிய பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வாய் வைத்த மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பீய்ச்சிய தாய்ப்பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வெயிலில் சென்னை அறையில் அதை நம்பாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கழுவுவது: குடித்து முடித்த உடனே எல்லாப் பாகத்தையும் கழற்றி, சோப்பும் வெந்நீரும் பிரஷும் போட்டுக் கழுவ வேண்டும். சிங்கில் நேரடியாகப் போடாமல் அதற்கென்று ஒரு தனிப் பாத்திரம். நிப்பிளின் உட்புறத்தைத் திருப்பித் தேய்த்து, துளை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். பிறகு மூழ்கக் கொதிக்கவைத்துப் பத்து நிமிடம். பால் ஏடு ஒட்டியிருக்கும்போது எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பலனில்லை. கழுவிய பிறகுதான் கொதிப்பு. எடுத்ததும் முந்தானையில் துடைக்கிறோமே, அங்கேதான் பத்து நிமிட உழைப்பும் வீண். தானாகக் காயட்டும்.

மொத்தத்தில் என் பட்டியல் சின்னது. தாய்ப்பாலோடு எப்போதாவது என்றால், ஒரு பாலாடை. முழுக்கப் பால்மாவு என்றால், அகல வாய் வைத்த 150 மில்லி பாட்டில் நான்கு, மெதுவான சிலிகான் நிப்பிள் ஆறு. கடைகளில் செட்டுச் செட்டாக அடுக்கியிருக்கும் மீதி எதுவும் குழந்தை கேட்டதில்லை.

வளைகாப்புக்கும் பெயர்சூட்டு விழாவுக்கும் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூப்போட்ட பெட்டியில் வரும் பாட்டில் செட்டை வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு மூடியோடு கூடிய ஆழமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, நல்ல இடுக்கி ஒன்று, பாட்டில் பிரஷ் இரண்டு வாங்கிக் கொடுங்கள். பாட்டில் தேவைப்படாமலே போனாலும் அந்த வீட்டில் அவை பத்து வருஷம் புழங்கும்.